பழகின பாடமும் தெரிஞ்ச பாடமும் வேறு

உயர்தரம் எடுக்கிற பிள்ளையளுக்கு ஒரு விசயம். ரியூசன் கொப்பியைத் திரும்பத் திரும்ப வாசிக்க எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கும். அதை நம்பாதேங்கோ. கண்ணுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். பல்தேர்வு வினாவில் ஐந்து விடையுமே பழகின சொற்களாய் நிற்கும்போதுதான் தடுமாற்றம் வரும்.

1975இல் கிரெய்க், டல்விங் என்ற உளவியலாளர்கள் ஆட்களுக்குச் சொற்களைக் காட்டி, சிலவற்றுக்கு எழுத்து வடிவத்தையும் சிலவற்றுக்குப் பொருளையும் பற்றிக் கேட்டார்கள். பிறகு, முன்பு பார்த்த சொல் எது என்று சோதித்தபோது, அந்த ஆட்கள் பொருளை யோசித்த சொற்களையே கூடுதலாக அடையாளம் கண்டார்கள்.

ஆகவே ஹைலைற்றரைக் கீழே வையுங்கோ. ஒரு பக்கம் வாசிச்சதும் கொப்பியை மூடி, "நாடியின் சுவர் ஏன் நாளத்தின் சுவரைவிடத் தடிப்பு?" என்று உங்களையே கேட்டு, வெறுந்தாளில் சொந்த வசனத்தில் எழுதுங்கோ. இது அலுப்பான வேலைதான், ஆனால் பலன் இதில்தான் இருக்கு. பிறகு கொப்பியைத் திறந்து திருத்துங்கோ.

பாஸ்ற் பேப்பர் செய்யும்போது விடைகளைக் கையால் மறைச்சு, முதலில் உங்கட விடையைச் சொல்லிப் பாருங்கோ. மற்ற நாலும் ஏன் பிழை என்பதையும் பக்கத்தில் ஒரு வரியில் எழுதுங்கோ.