ஏற்காடு பஸ் ஏறுமுன்: பேச்சொலிக் களப்பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒலியியலில் புராஜெக்ட் என்றதும் சேலத்துப் பிள்ளைகளுக்கு முதலில் தோன்றுவது சேர்வராயன் மலைதான். பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் களம் வந்துவிடும். நாலு பேரைப் பேச வைத்துப் பதிவு செய்துகொண்டு சாயந்திரம் இறங்கிவிடலாம். அப்புறம் அந்தப் பதிவுகளை என்னிடம் கொண்டு வருகிறார்கள். பத்து நிமிஷம் கேட்டால் போதும், நானே ஒரு காலத்தில் அடித்த கூத்துகள் வரிசையாக வரும்.

பேட்டரி தீர்ந்தது, கோப்புக்குப் பெயர் வைக்காதது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு தடவை பட்டால் யாரும் திருந்திவிடுவார்கள். பதிவு நன்றாக வந்ததாகவே நம்ப வைத்துக் கழுத்தறுக்கும் தவறுகள்தான் ஆபத்து.

சொற்பட்டியலைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

ஒரு மாணவன் காபித் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மாவைப் பதிவு செய்து வந்தான். இலை, உடம்பு, காற்று, மூன்று, சோறு, வாழை என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறான். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “தப்பில்லாம படிக்கோணுமா கண்ணு?” என்று கேட்கிறார். இவன், “ஆமாம்மா, மெதுவா, தெளிவா படிங்க” என்கிறான். போச்சு. அந்த நிமிஷமே அவர் நாலாம் வகுப்பு பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். இ-லை. கா-ற்-று. மூ-ன்-று. ஒவ்வொரு எழுத்தும் அளவெடுத்துத் தைத்த மாதிரி வருகிறது.

வெட்டாத மூலக் கோப்பைக் கேட்டு வாங்கினேன். தாளைக் கொடுப்பதற்குச் சற்று முன்னால், அதே அம்மா பேரனைப் பார்த்துச் சத்தம் போடுகிறார்: “காத்து அடிக்குது பாரு, அந்த எலயெல்லாம் எடுத்து உள்ள வை.” பயல் அந்தத் துண்டைத் தேவையற்ற பேச்சு என்று வெட்டி எறிந்திருந்தான்! அவன் மலையேறிப் போனதே அந்தத் துண்டுக்காகத்தான்.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பேச்சுத் தமிழில் அடுத்த அசையில் அ, ஐ வந்தால் முன்னால் உள்ள இகரம் எகரமாகவும், உகரம் ஒகரமாகவும் இறங்கிவிடும். இலை எல ஆகும், விலை வெல ஆகும், உடம்பு ஒடம்பு, குடை கொட. எகரத்துக்கு வாய் கொஞ்சம் கூடுதலாகத் திறப்பதால் முதல் ஃபார்மன்ட் (வாயின் வடிவத்தால் ஒலியில் வலுத்துத் தெரியும் அதிர்வெண்களில் கீழிருந்து முதலாவது) இகரத்தைவிட மேலே போகும். இவன் படித்த இலையை அளந்து, உயிரொலி வரைபடத்தில் இகரம் இருக்கும் மூலையில் புள்ளி வைத்து, ‘மலைப்பகுதிப் பேச்சு’ என்று பெயரும் போட்டுவிட்டான். ஹெர்ட்ஸ் கணக்கில் ஒரு குறையும் இல்லை. பள்ளிக்கூடத்து வாசிப்பை அளந்திருக்கிறான், அவ்வளவுதான்.

ழகரமும் இப்படித்தான். தாளில் ழ கண்ணில் பட்டதும் யாரும் நாக்கை மடித்துவிடுவார்கள். ழகரத்துக்கு உரியபடி மூன்றாம் ஃபார்மன்ட் அழகாகக் கீழே இறங்கும். ‘இப்பகுதியில் ழகரம் மாறாமல் உள்ளது’ என்று ஒரு வரி எழுதிவிடலாம். அவர் வீட்டில் வாழைப்பழத்தை எப்படிச் சொல்கிறார் என்பதற்கு அந்தக் கோப்பில் ஒரு சான்றும் இருக்காது.

இரண்டாம் முறை போய்ச் சரிசெய்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். உங்களுக்குச் ‘சுத்தமான தமிழ்’தான் வேண்டும் என்று அவர்கள் மனதில் ஒரு தடவை பதிந்துவிட்டால், அடுத்த முறை தாளே இல்லாமல் சுத்தமாகப் பேசுவார்கள். அந்த வீட்டைப் பொறுத்தவரை கதை முடிந்தது.

அப்போ என்ன செய்வது? பொருளைக் காட்டுங்கள், படத்தைக் காட்டுங்கள், கேள்வி கேளுங்கள். “பந்தியில சாப்பாடு எதுல போடுவீங்க?” என்றால் எல தானாக வரும். நீங்கள் வாய் திறந்து அந்தச் சொல்லைச் சொல்லிவிடாதீர்கள். ‘இலை’ என்று கேட்டால் உங்கள் இலையையே திருப்பித் தருவார்கள். முதல் கால் மணி நேரம் எதையும் கேட்காமல் மிளகு விலையைப் பற்றிப் பேச விட்டாலே போதும், மைக்கை மறந்துவிடுவார்கள். வெல என்ற சொல்லும் அதில் இலவசம்.

சொல்லை ஒரு வாக்கியத்துக்குள் வைத்துச் சொல்ல வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் ‘…ன்னு சொன்னேன்’ என்ற வாக்கியச் சட்டகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தாதீர்கள். பேச்சில் ‘மரம்’ தனியாக வரும்போது கடைசி மகரம் கரைந்து உயிரொலி மூக்கால் வரும். ‘மரம்னு’ என்றால் அந்த மகரம் எழுந்து வந்துவிடும். சொல்லின் கடைசி ஒலியைப் பார்க்கப் போனவருக்கு அந்தச் சட்டகமே எதிரி.

படிக்க வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் படிக்க வையுங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். முதலிலும் முடிவிலும் உபரிச் சொற்கள் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பட்டியலின் கடைசிச் சொல்லில் குரல் எப்போதும் இறங்கும்.

எழுத்தை வைத்து ஒலியைப் பிரிப்பது

பணம், பயம் இரண்டும் பகரத்தில் தொடங்குகின்றன என்று ஒரே கட்டத்தில் போடுகிறார்கள். காதால் கேட்டாலே வேறுபாடு தெரியும். உதட்டு அடைப்பு விடுபடும் கணத்துக்கும் குரல்நாண் அதிரத் தொடங்கும் கணத்துக்கும் இடையிலான நேரத்தை மில்லி செகண்டில் அளக்கும் முறையை ஒலியியலாளர்கள் லிஸ்கரும் ஆப்ரம்சனும் 1964இல் 11 மொழிகளில் செய்து காட்டினார்கள். அதில் தமிழும் உண்டு. பணத்தில் அடைப்பு விட்டதும் அதிர்வு வரும். பயத்தில் பலருக்கு அடைப்பு விடுவதற்கு முன்பே வந்துவிடும், அதாவது கழித்தல் எண். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் எந்த வாயிலும் இல்லாத ஓர் எண் கிடைக்கும்.

வாட்ஸ்அப்பில் வந்த பதிவு

வேண்டாம். வேவ் கோப்பு, 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட்.

தறிச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்காருவது

மலை வேண்டாம் என்று சேலத்திலேயே சௌராஷ்டிரம் பேசுபவர்களைத் தேடிப் போகிறவர்களுக்கு இது. மூச்சொலி கலந்த வல்லினங்கள் உள்ள மொழி அது. விசைத்தறி ஓடும் தெருவில் அந்த மூச்சு அமுங்கிவிடும். ஸ்பெக்ட்ரோகிராமின் (ஒலியின் அதிர்வெண்களை நேரவாரியாகக் காட்டும் படம்) அடியில் தெரிய வேண்டிய குரல்நாண் அதிர்வுப் பட்டையையும் தறியின் உறுமல் மூடிவிடும். கரண்ட் போகும் நேரத்தை அக்கம்பக்கத்தில் விசாரித்து வைத்துக்கொண்டு அப்போது போங்கள். மலையில் இதே தொல்லையைத் தகரக் கூரை மேல் விழும் மழை செய்யும்.

பிராட் கொடுத்த எண்ணை அப்படியே எழுதுவது

பிராட் (Praat) என்பது ஆம்ஸ்டர்டாமில் போயர்ஸ்மாவும் வீனிங்கும் எழுதிய, பேச்சொலியை அளக்கும் மென்பொருள், இலவசம், அருமையானது. ஆனால் உங்கள் தகவலாளி தாத்தாவா பாட்டியா என்று அதற்குத் தெரியாது. ஃபார்மன்ட்களை எந்த அதிர்வெண் வரை தேடுவது என்ற உச்சவரம்பு அதில் 5500 ஹெர்ட்ஸ் என்று இருப்பது பெண் குரலுக்கு ஏற்றது. ஆண் குரலுக்கு 5000க்கு இறக்க வேண்டும், சிறு குழந்தைக்கு இன்னும் மேலே ஏற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் தாத்தாவின் ஊகாரத்தில் நெருங்கி நிற்கும் முதல் இரண்டு ஃபார்மன்ட்களையும் ஒன்றாக எண்ணிவிடக்கூடும். அது ஃபார்மன்ட் என்று வைக்கும் சிவப்புப் புள்ளிகள் ஸ்பெக்ட்ரோகிராமின் கருப்புப் பட்டைகளின் மேல்தான் நிற்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிட்டு எண்ணை எழுதுங்கள்.

மலையாளிப் பழங்குடியினரிடம் மலையாள இலக்கணத்தோடு போவது

சேர்வராயன் மலையில் வாழும் இவர்களுக்குப் பெயர்தான் மலையாளி. அவர்கள் பேசுவது தமிழ்.

ஒருவர் குரலை வைத்து ‘சேலம் தமிழ்’ என்று தலைப்புப் போடுவது

கூடவே கூடாது.

தொல்காப்பியத்தை முடிவுகள் பகுதியில் எழுதுவது

எழுத்தொலிகள் பிறக்கும் விதத்தைச் சொல்லும் பிறப்பியலில் ரகரத்தையும் ழகரத்தையும் நுனிநாவின் தொழிலாகச் சேர்த்து வைத்த கூர்மை இன்றும் வியப்புதான். முன்னுரையில் பெருமையாக எழுதுங்கள். முடிவுகளில் நீங்கள் அளந்தது மட்டும் வரட்டும்; இரண்டும் முட்டிக்கொண்டால் முட்டிக்கொள்ளட்டும், விதியோடு பொருந்துவதற்காக எண்ணைத் தட்டிக் கொட்டாதீர்கள்.

சம்மதத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விடுவது

பொத்தானை அழுத்துமுன் கேளுங்கள். சரி என்றதும் பதிவிலும் ஒரு தடவை சொல்ல வையுங்கள். வேலை நாளில் உட்கார வைத்தால் அன்றைய கூலியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். காபிப் பழம் பறிக்கும் சமயத்தில் போகவே போகாதீர்கள். யாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது.