பழைய ஒருபக்கக் கூர் ரேசர்: பிடிக்கும் கோணம்தான் விஷயம்

அம்மப்பாவின் தகரப் பெட்டியில் கிடந்த ஜெம் (Gem) என்ற பிராண்ட் ரேசரை வெள்ளவத்தை வீட்டில் மூன்று மாதமாகப் பாவிக்கிறேன். அதன் பிளேட்டில் ஒரு பக்கம் மட்டுமே கூர். வழமையான இருபக்கக் கூர் பிளேட் 0.1 மில்லிமீற்றர் தடிப்புத்தான். இது ஏறத்தாழ 0.23. அதனால் எளிதில் வளையாது, அதிராது. மூன்று நாள் தாடியைக்கூட ஒரே இழுப்பில் எடுத்துவிடுகிறது.

ஆனால் இருபக்க ரேசரைப் பிடிப்பதுபோல் இதைப் பிடித்தால் தோல் எரியும். முதல் வாரம் நான் செய்த பிழை அதுதான். ரேசரின் தலையைக் கன்னத்தில் தட்டையாகப் படிய வையுங்கள். பிறகு, முடி வெட்டுப்படும் வரைக்கும் மட்டும் கைப்பிடியைக் கொஞ்சமாகக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். அழுத்தவே வேண்டாம், ரேசரின் பாரமே போதும். சரசரவென்று சத்தம் கேட்கும். சரியான கோணம் அந்தச் சத்தத்திலேயே பிடிபடும். ரேசரின் தலை பெரிதாக இருப்பதால் மூக்குக்குக் கீழே மட்டும் சிரமம். அந்த இடத்துக்கு நான் இன்னும் இருபக்க ரேசரைத்தான் எடுக்கிறேன்.

ஒன்றை மறக்காதீர்கள்: ஹாட்வெயார் கடைகளில் பெயின்ட் சுரண்ட விற்கும் பிளேட்டும் பார்வைக்கு இதேபோல இருக்கும். அதை முகத்தில் வைக்கவே கூடாது. சவரத்துக்கென்று செய்த, மேற்பூச்சுள்ள ஸ்டெயின்லெஸ் பிளேட்டையே கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், கொழும்பின் ஈரக் காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும். சவரம் முடிந்ததும் பிளேட்டைக் கழற்றி உதறி, உலர வைத்துவிடுங்கள்.