நீலம் நிற்காத புது பேரல்

டெக்சாஸில் என் முதல் .308 ரைஃபிளை வாங்கியபோது புது பேரலை (துப்பாக்கிக் குழாயை) பழக்க கடைக்காரர் ஒரு வழிமுறை சொன்னார்: முதல் 10 தோட்டாவுக்கு, ஒவ்வொன்று சுட்டதும் குழாயைச் சுத்தம் செய்; அப்புறம் 5 சுட்டால் ஒரு தடவை. அப்படியே செய்தேன், அரை நாள் போய்விட்டது.

அதில் விஷயம் இல்லாமலில்லை. சேம்பரை (தோட்டா உட்காரும் அறையை) வெட்டும் ரீமர் என்ற கருவி, அதற்கு அடுத்துக் குழாய் தொடங்கும் தொண்டைப் பகுதியில் நுண்ணிய பிசிறுகளை விட்டுப்போகும். அவை குண்டின் செம்பு உறையைச் சுரண்ட, அந்தச் செம்பு குழாயில் படியும். ஆனால் சுடச்சுட பிசிறு தானாகவே தேய்ந்துவிடும்.

என் தொல்லை வேறு. அமோனியா கலந்த செம்புக் கரைப்பானில் நனைத்த துணியை 15 தடவை தள்ளியும் நீலமாகவே வந்தது; நீலம் என்றால் இன்னும் செம்பு கரைகிறது என்று அர்த்தம். பேரலே மோசம் என்று நினைத்து மனம் உடைந்தேன். ஒரு நாள் துணியை விளக்கடியில் விரித்துப் பார்த்தேன். நீலம் குழாயைத் தொட்ட பக்கத்தில் இல்லை. உள்பக்கம், ஜாக் (துணியைத் தள்ளும் கம்பியின் முனை) தொட்ட இடத்தில் இருந்தது. ஜாக் பித்தளை! பித்தளையில் இருக்கும் செம்பைத்தான் கரைப்பான் தின்றுகொண்டிருந்தது. நைலான் ஜாக் மாட்டினேன், மூன்றாவது துணி வெள்ளையாக வந்தது.

இப்போது 100 கெஜத்தில் குண்டுகள் சிதறத் தொடங்கினால்தான் செம்பை எடுக்கிறேன். அதுவும் சேம்பர் பக்கமிருந்து, போர் கைடு (கம்பி குழாயில் உரசாமல் நேராகப் போக வைக்கும் குழல்) போட்டு மட்டும். சுத்தம் செய்தபின் முதல் குண்டு சற்று விலகி விழுகிறது. அதனால் மான் வேட்டைக்கு முன் ரேஞ்சில் இரண்டு மூன்று சுட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன்.