மொரிஸ் மைனருக்கு 8 அங்குல ட்ரம் போட்ட பிறகு பிரேக் சரியில்லையா?

பழைய மொரிஸ் மைனரின் நான்கு சில்லுகளுக்கும் 7 அங்குல பிரேக் ட்ரம்தான். சில்லோடு சுழலும் இந்த ட்ரம்மை உள்ளிருந்து ஷூக்கள் விரிந்து அழுத்தும்போதுதான் கார் நிற்கும். 1962இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது முன் ட்ரம் 8 அங்குலமானது. அதைத் தேடிப்பிடித்துப் பழைய காருக்குப் போடுவது நல்ல வேலைதான். ஆனால் போட்ட கையோடு பெடல் கீழே போகிறது, சில்லு சூடாகிறது என்றதும் பலர், பெடலின் அழுத்தத்தை ஒயில் வழியாகச் சில்லுகளுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரைக் குறை சொல்லிவிடுவார்கள். அதற்குக் காசு செலவழிக்க முன் இந்த ஒழுங்கில் பாருங்கள்.

முதலில் காரைப் பத்திரமாக உயர்த்துங்கள். மட்டக்களப்பில் கல்லடிப் பக்கத்து மணல் முற்றத்தில் ஜக் புதையும், அடியில் தடித்த பலகை போட வேண்டும். மற்றச் சில்லுகளுக்குக் கட்டை, காருக்கு ஸ்டான்ட். ட்ரம் தூசியை ஊத வேண்டாம். ஷூவில் ஒட்டியிருக்கும் உரசும் பட்டையான லைனிங், பழையதென்றால் அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

அடுத்தது பெடல். ஒருதரம் மிதிக்கக் கீழே போய், இரண்டு மூன்று தரம் மிதித்தால் மேலே வந்து கல்லு மாதிரி நிற்கிறதா? ஷூ ட்ரம்முக்குத் தூரத்தில் இருக்கிறது. ஹான்ட் பிரேக்கை விட்டுவிட்டு, அட்ஜஸ்டரைச் சில்லு பூட்டும் வரை இறுக்கி, பெடலை ஒருமுறை நன்றாக மிதித்து, பிறகு சில்லு உரசாமல் சுழலும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். முன் சில்லு ஒவ்வொன்றுக்கும் இரண்டு அட்ஜஸ்டர். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை மறப்பது சகஜம்.

எத்தனை தரம் மிதித்தாலும் பெடல் மெத்தென்று இருந்தால் உள்ளே காற்று. மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. அதற்குத் தூரமான பின் இடதுபக்கச் சில்லில் தொடங்கி, கிட்ட உள்ள முன் வலதில் எயார் எடுத்து முடியுங்கள். வடிந்த பிரேக் ஒயிலைத் திரும்ப ஊற்றக் கூடாது. பெயின்டில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

இனி, இந்த மாற்றத்துக்கே உரிய கோளாறு. பின்னால் எடுக்கும்போது சுள்ளென்று பிடிக்கிறது, முன்னால் போகும்போது எவ்வளவு மிதித்தாலும் இழுபடுகிறது என்றால், ஷூவும் சிலிண்டரும் பூட்டியிருக்கும் இடதுபக்கத் தட்டு வலதுக்கும் வலது இடதுக்கும் மாறிப் பூட்டுப்பட்டிருக்கும். முன் சில்லில் இரண்டு சிலிண்டர். ஒவ்வொன்றும் ஒரு ஷூவைத் தள்ளும். பிஸ்டன் தள்ளும் முனையிலிருந்து ஷூவின் மறுமுனையை நோக்கித்தான் ட்ரம் சுழல வேண்டும். அப்போதுதான் சுழற்சியே ஷூவை உள்ளே இழுத்து இறுக்கும். ட்ரம்மைக் கழற்றிக் கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும். இதை யாரும் முதலில் சந்தேகிப்பதில்லை என்பதுதான் ஆச்சரியம்.

சில்லு இறுகி நின்றால் அந்தச் சில்லில் எயார் எடுக்கத் திறக்கும் திருகான நிப்பிளைச் சற்றுத் திறவுங்கள். ஒயில் பீறி வந்து சில்லு விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. ஒரு சில்லில் மட்டும் என்றால் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம். நான்கிலும் என்றால் பெடலில் சிறிது வெறும் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் ஒயில் திரும்பிப் போக வழியில்லை. திறந்தும் விடுபடாவிட்டால் ஸ்பிரிங், அல்லது பின் சில்லென்றால் ஹான்ட் பிரேக் கேபிள். கடற்காற்றில் கேபிள் துருப்பிடிப்பது நம் ஊரில் புதிதல்ல.

சரி, ஓடிப் பார்ப்பதென்றால் ஆளில்லாத வீதியில், மெதுவாக. மாரியில் வெள்ளத்துக்குள்ளால் வந்தால் எந்த ட்ரம் பிரேக்கும் சற்று நேரம் பிடிக்காது. பெடலை லேசாக மிதித்தபடி கொஞ்சத் தூரம் ஊர்ந்தால் லைனிங் காய்ந்துவிடும். அதற்காக எதையும் கழற்ற வேண்டாம்.