கிளட்ச் மாற்றிய ஆம்னிக்கு கியர் ஆயில் ஊற்றுவது எப்படி?

மாருதி ஆம்னியில் கிளட்ச் பிளேட் மாற்ற கியர் பாக்ஸைக் கீழே இறக்கியாக வேண்டும். அதற்கு முன் பின்சக்கரத்துக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை உருவுவார்கள். உருவிய கையோடு கியர் பாக்ஸின் வால் பக்கமாக ஆயில் கொட்டும். எவ்வளவு கொட்டியது என்று யாரும் அளப்பதில்லை.

என் வண்டிக்கு கிளட்ச் மாற்றியவர் ஆயில் ஊற்றவே மறந்துவிட்டார். வரும் வழியிலேயே மூன்றாவது கியரில் 'ஙொய்' என்று ஒரு சத்தம். புது கிளட்ச் அப்படித்தான் போல என்று இரண்டு நாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் கியர் பாக்ஸில் ஆயில் ஊற்றும் துளையின் மூடியை, அதாவது பிளக்கைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தால், விரல் காய்ந்தே வெளியே வந்தது. அதிலிருந்து இந்த வேலையை நானேதான் செய்கிறேன்.

முதலில் ஆயில். கடையில் வெறுமனே "கியர் ஆயில்" என்று கேட்காதீர்கள். டப்பாவில் 75டபிள்யூ-90 அல்லது 80டபிள்யூ-90 என்று போட்டிருப்பது ஆயிலின் பிசுபிசுப்பு. பக்கத்தில் ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5 என்று ஆயிலின் வகை இருக்கும். ஐந்து பெரியது, அதனால் நல்லது என்று நினைக்க வேண்டாம். ஜிஎல்-5 பின் அச்சுக்குள் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனுக்கானது. அதில் கந்தகச் சேர்மானம் அதிகம், கியர் சுலபமாக விழ உதவும், கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பித்தளை சின்க்ரோ வளையங்களை அது அரிக்கக்கூடும். கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 போதும். இரண்டு லிட்டர் வாங்கினால் கொஞ்சம் மிச்சமிருக்கும். பின் அச்சு ஆயில் தனி. கிளட்ச் வேலையில் அதைத் திறப்பதில்லை, விட்டுவிடுங்கள்.

ஆயில் தவிர, பிளக்கில் ஆடாமல் உட்காரும் ஸ்பேனர், கை நீளத்துக்கு ஒரு ட்யூப், புனல், பழைய தட்டு, துணி. அவ்வளவுதான்.

வண்டி சமமாக நிற்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் ஆயில் பின்னால் சரிந்து அளவு தப்பும். தூக்குவதென்றால் நான்கு பக்கமும் ஒரே உயரத்தில் ஸ்டாண்ட் கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள்.

இப்போது கியர் பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் ஊற்றும் பிளக்கைக் கழற்றுங்கள். கவனியுங்கள், இதுதான் முதலில். அடிப் பிளக்கைத் திறந்து இருந்ததையும் வடித்துவிட்டு, மேலே உள்ளது துருப்பிடித்துத் திறக்காமல் போனால் வண்டி அங்கேயே கிடக்கும்.

மேல் பிளக் திறந்ததும் அடிப் பிளக்கைக் கழற்றி மிச்சத்தை வடியுங்கள். வண்டியை ஓட்டிச் சூடாக்கிவிட்டு வடிக்கச் சொல்வார்கள்; உள்ளே ஆயில் இருக்கிறதா என்றே தெரியாத வண்டிக்கு அது வேண்டாம். பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கும், பயமில்லை. நகத்தில் தட்டுப்படும் துண்டு இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். மரையைத் துடைத்து, வாஷர் இருந்தால் புதிது போட்டு, இல்லையென்றால் கொஞ்சம் சீலன்ட் தடவி மூடுங்கள்.

அப்புறம் ட்யூபின் ஒரு முனையை மேல் துளையில் விட்டு, மறுமுனையை உயரமாகப் பிடித்து, புனல் வைத்து ஊற்றுங்கள். ஆயில் பாகு மாதிரி இறங்கும். டப்பாவைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்திருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

எவ்வளவு ஊற்றுவது? டப்பாவைப் பார்க்காதீர்கள், துளையைப் பாருங்கள். விளிம்பு வழியாக ஆயில் வழியத் தொடங்கியதும் நிறுத்தி, ஐந்து நிமிடம் காத்திருந்து, இறங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம். வழிவது நின்றதும் மூடலாம். அதிகமானால் ஆயிலைத் தடுத்து வைக்கும் ரப்பர் வளையமான சீல் வழியாகக் கசிந்து புது கிளட்ச் பிளேட்டையே நனைத்துவிடும். பிளக்கை முழு பலத்தோடு முறுக்க வேண்டாம். கூடு அலுமினியம், மரை போய்விடும்.

வண்டியைக் கீழே இறக்கி, எல்லா கியரையும் போட்டுப் பார்த்து, ஒரு சுற்று போய் வாருங்கள். இரவு அடியில் செய்தித்தாள் விரித்து வையுங்கள். காலையில் இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே சொட்டு இருந்தால் விரலில் தொட்டு முகருங்கள். கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில், இல்லையென்றால் இன்ஜின் ஆயில். எதுவானாலும் கியர் பாக்ஸ் மறுபடி இறங்க வேண்டியதுதான். கிளட்ச் மாற்றியவரிடமே விடுங்கள்.

வால் பக்கம் சொட்டினால் ஷாஃப்ட் சீல். அதற்கு கியர் பாக்ஸ் இறங்க வேண்டாம், ஷாஃப்டை உருவினால் போதும். உருவியதும் அந்த வாயில் ஒரு பாலிதீன் கவரை இறுக்கிக் கட்டுங்கள். இல்லையென்றால் நேற்று ஊற்றியதெல்லாம் இன்றைக்குத் தரையில் கிடக்கும்.