7 கிலோ கைப்பையோடு வெளிநாட்டுப் பயணம்: செய்முறை

மலிவு விமானங்களில் டிக்கெட் விலை குறைவாகத் தெரிவதற்கு ஒரு காரணம், பெட்டிக் கட்டணம் அதில் சேராததுதான். போக, வர இரண்டுக்கும் பெட்டி சேர்த்தால் மிச்சம் பிடித்த காசு பெரும்பாலும் அதிலேயே போய்விடும். அதனால் கூடவே எடுத்துப்போகும் கைப்பையோடு முடித்துக்கொள்வதுதான் வழி. ஒரு வாரத்துக்கான துணி இருந்தால் ஒரு மாதமும் சுற்றலாம், நடுவில் துவைத்துக்கொண்டால் போதும். பாஸ்போர்ட், விசா விஷயங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேராகப் பைக்கு வருகிறேன்.

படி 1: அளவு பாருங்கள்

எல்லா நிறுவனத்துக்கும் ஒரே கணக்கு கிடையாது. கைப்பைக்கு ஏர் ஏசியா விமானத்தில் 7 கிலோ, ஸ்கூட் விமானத்தில் 10 கிலோ. ஐரோப்பாவின் மலிவு விமான நிறுவனமான ரயன்ஏரின் அடிப்படை டிக்கெட்டில் இருக்கைக்கு அடியில் நுழையும் சின்னப் பை மட்டுமே இலவசம். பையின் நீள, அகல, உயரத்துக்கும் வரம்பு உண்டு, அந்த சென்டிமீட்டர் கணக்கில் சக்கரமும் கைப்பிடியும் சேர்த்தி. வழியில் விமானம் மாறினால், எதில் அளவு குறைவோ அதற்குத் தகுந்தபடி அடுக்குங்கள்.

படி 2: காலிப் பையை எடை போடுங்கள்

பலரும் தாண்டிப் போகும் இடம் இது. சக்கரம் வைத்த கேபின் பெட்டிகள் பல காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். 7 கிலோவில் உங்கள் பொருளுக்கு மிஞ்சுவது நாலு கிலோ! லேப்டாப்பும் சார்ஜரும் வைத்தால் அதிலும் பாதி காலி. தோளில் மாட்டும் சின்னப் பையையும் சேர்த்து நிறுக்கும் நிறுவனங்கள் உண்டு, மறக்காதீர்கள்.

அதனால் என் ஓட்டு முதுகுப்பைக்குத்தான்: 35 முதல் 40 லிட்டர், ஜிப்பைத் திறந்தால் பெட்டி மாதிரி முழுதாக விரிய வேண்டும், காலி எடை ஒரு கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். மேலே மட்டும் திறக்கும் மலையேற்றப் பை வேண்டாம். அடியில் கிடக்கும் ஒரு சாக்ஸுக்காக எல்லாவற்றையும் வெளியே கொட்ட வேண்டிவரும்.

கொக்கித் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். இல்லையென்றால், உடல் எடை பார்க்கும் மெஷினில் பையோடு ஒரு முறை, பையில்லாமல் ஒரு முறை ஏறிக் கழித்துக்கொள்ளலாம். அரை கிலோ குறைவாகவே வையுங்கள். கனமான ஷூவும் ஜாக்கெட்டும் உடம்பில் இருக்கட்டும்.

படி 3: திரவங்கள்

கைப்பையில் திரவம் எதுவானாலும் ஒரு பாட்டிலுக்கு 100 மில்லிதான் வரம்பு. இந்த 100 மில்லி என்பது பாட்டிலின் கொள்ளளவு. 200 மில்லி ட்யூபில் கொஞ்சம்தான் மிச்சம் என்றாலும் விடமாட்டார்கள். டூத்பேஸ்ட், கிரீம், ஜெல் எல்லாமே இந்தக் கணக்குதான். எல்லாம் ஒரு லிட்டர் ஜிப் கவருக்குள் அடங்க வேண்டும். நான் சோப்பு, கட்டி ஷாம்பு என்று மாறிவிட்டேன், கவரில் பாதி இடம் மிச்சம். சில விமான நிலையங்கள் இந்த விதியைத் தளர்த்திவிட்டன. ஆனால் திரும்பி வரும் இடத்திலும் அப்படி இருக்குமென்று நம்பி அடுக்க வேண்டாம்.

படி 4: பவர் பேங்க்

இது உங்களோடு கேபினில்தான் (பயணிகள் உட்காரும் பகுதியில்) வர வேண்டும். பொதுவாக 100 வாட்-அவர் (பேட்டரியில் சேமிக்கும் மின்சக்தியின் அளவு) வரை தனி அனுமதி தேவையில்லை. பவர் பேங்கில் 20,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால், அதை 3.7ஆல் (பேட்டரியின் வோல்ட் அளவு) பெருக்கி 1000ஆல் வகுங்கள்: 74 வாட்-அவர். சரி, தாராளமாகப் போகலாம். எழுத்து அழிந்துபோன பவர் பேங்கைத் தவிர்த்துவிடுங்கள், அளவு தெரியாவிட்டால் பறிமுதல் செய்ய வாய்ப்புண்டு.

பிற்சேர்க்கை: விமானம் நிறைந்துவிட்டால், விமானம் ஏறும் வாசலில் உங்கள் பையை வாங்கிக் கீழே சரக்கு அறைக்கு அனுப்புவதுண்டு. அதைக் கொடுக்கும் முன் பவர் பேங்க், பாஸ்போர்ட், மருந்து மூன்றையும் எடுத்துவிட வேண்டும். இவற்றை ஒரு துணிப்பையில் போட்டு மேலாகவே வைத்திருந்தால், வரிசையில் நின்றபடியே உருவிக்கொள்ளலாம்.