கீரிமலைக் கேணியில முழுகின எங்கட ஆக்கள் ஐஸ்லாந்துச் சுடுதண்ணிக்குள்ள முதல்தரம் இறங்குறது எப்பிடி

நோர்வே, ஜேர்மனி எண்டு பிள்ளையளிட்ட போய்வாற அம்மா அப்பாமார் இப்ப யாழ்ப்பாணத்தில ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கினம். அப்பிடியே ஐஸ்லாந்துக்கும் போய் அங்கத்தைச் சுடுதண்ணிக் குளத்தில இறங்குவமோ எண்டு பிள்ளையள் கேட்டா "உந்தக் குளிருக்குள்ள குளிக்கவோ, ஏலாது" எண்டு மறுத்துப்போடுவினம். எங்கட அம்மாவும் அதைத்தான் சொன்னவ. அவவுக்கு முழங்கால் வருத்தம், ஆனா அந்தத் தண்ணிக்குள்ள ஒண்டரை மணித்தியாலம் பிடிமானம் இல்லாமல் நடந்து திரிஞ்சவ, அதாலதான் இதை எழுதுறன்.

முதல்ல விசா. நோர்வேக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவில கன நாடுகளுக்குப் பொதுவான விசா, எடுத்திருந்தா ஐஸ்லாந்துக்கும் அதே காணும், தனிய எடுக்கத் தேவையில்லை. லண்டனுக்கு மட்டும் விசா எடுத்த ஆக்களுக்கு அது சரிவராது, அவை ஷெங்கன் தனிய எடுக்கோணும்.

அடுத்தது இடம். எல்லாருக்கும் தெரிஞ்சது புளூ லகூன், 1976ல மின்நிலையத்தில இருந்து வந்த தண்ணி தேங்கி உண்டான குளம் அது, ஆனா 2023 கடைசியில இருந்து அந்தப் பக்கம் எரிமலை திரும்பத் திரும்ப வெடிக்கிறதால இடைக்கிடை மூடினவை. நாங்கள் போனது ஸ்கை லகூன், 2021ல திறந்தது, தலைநகர் ரெய்க்யவிக்குக்குப் பக்கத்தில கோபவோகுர் எண்ட ஊரில கடலோட ஒட்டி இருக்கு. எங்கட திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கிட்ட எரிமலை இல்லை, மழைத்தண்ணி ஆழத்துக்கு இறங்கிச் சூடாகித் திரும்ப மேல வருது, ஐஸ்லாந்திலயோ எரிமலை நாடு எண்டபடியா சூடு நிலத்துக்குக் கிட்டவே கிடக்கு. கன்னியாவில வாளியால அள்ளி ஊத்துறம், இங்க கழுத்தளவுக்கு இறங்கி இருக்கலாம், தண்ணி 38 பாகையில இருந்து 40 பாகை வரையில.

டிக்கெட் முதலே ஒன்லைன்ல எடுத்துப்போடுங்கோ, நேரம் குறிச்சுத்தான் தருவினம். ரெண்டு வகை இருக்கு, சாமன் எண்டது எல்லாரோடயும் சேர்ந்து உடுப்பு மாத்துறது, சியேர் எண்டது தனி அறை, குளிக்கிற இடமும் அதுக்குள்ளயே. அம்மாமாரைக் கூட்டிக்கொண்டு போறியள் எண்டா காசைப் பாக்காமல் தனி அறையை எடுங்கோ, ஏன் எண்டு கீழ சொல்லுறன். 12 வயதுக்குக் குறைஞ்ச பிள்ளையளை உள்ள விடமாட்டினம்.

கொண்டுபோற சாமான் கொஞ்சம்தான். துவாய் அங்க தருவினம். பருத்திச் சட்டையோட இறங்க ஏலாது, நீந்துற துணியில முழுக்கை, முழுக்கால் உடுப்பு விக்குது, அதை வாங்குங்கோ. நகை எல்லாத்தையும் கழட்டி வீட்டில வைச்சுட்டுப் போங்கோ, முக்கியமா வெள்ளி, அது கறுத்துப்போகும். அம்மா தாலிக்கொடியைக் கழட்ட மாட்டன் எண்டு நிண்டவ. பேந்து மச்சாள் அதை உடுப்புக்கு உள்ளுக்க விட்டு, மேல கழுத்து மூடின சட்டையைப் போட்டு, ஊசி குத்தி விட்டவ. அப்பிடியே குளிச்சிட்டு வந்தவ, ஒண்டும் நடக்கேல்ல.

இப்ப முக்கியமான கட்டம். தண்ணிக்குள்ள இறங்க முதல் உடுப்பு எல்லாத்தையும் கழட்டிப்போட்டு சவர்க்காரம் போட்டுக் குளிக்கோணும். குளத்துக்குக் குளோரின் மருந்து போடுறது குறைவு எண்டபடியா அந்த நாட்டில இது எல்லா இடத்திலயும் கட்டாயம், தலை, கமக்கட்டு, இடுப்புக்குக் கீழ, பாதம் எண்டு எங்கெங்க தேய்க்கோணும் எண்டு படமே ஒட்டியிருப்பினம். எங்கட ஆக்கள் வெட்கத்தில உடுப்போட நனைஞ்சிட்டு ஓடப்பாக்கினம், செய்யாதேங்கோ, கிணத்தடியில குளிச்சிட்டுத்தானே நாங்கள் கோயிலுக்குள்ள கால் வைக்கிறம், இதுவும் அப்பிடித்தான். தனி அறை எடுக்கச் சொன்னது இதுக்குத்தான். குழாயில வாற சுடுதண்ணி கூழ்முட்டை மணக்கும், பயப்பிடாதேங்கோ, நிலத்துக்குக் கீழ இருக்கிற கந்தகம் அது.

தண்ணிக்குள்ள இறங்கினதும் அவசரப்படாதேங்கோ. அந்தக் கரைக்குப் போனா குளத்தின்ர விளிம்பும் கடலும் ஒண்டாத் தெரியும், கீரிமலைக் கேணிக் கட்டில இருந்து கடலைப் பாக்கிற மாதிரித்தான். நாங்கள் போனது மாசியில, தலை நனைஞ்சு ஒரு பத்து நிமிசத்தில என்ர முடி நுனி விறைச்சு ஈர்க்கு மாதிரி நிண்டது, தொட்டா முறியுமோ எண்டு இருந்தது. அதால முடியைக் கொண்டையாக் கட்டி மேல வைச்சுக்கொள்ளுங்கோ.

பேந்து ஏழு கட்டமாச் செய்யிற ஒரு குளிப்பு இருக்கு, டிக்கெட்டோட சேர்ந்தது. சுடுதண்ணி, குளிர்தண்ணித் தொட்டி, கடலைப் பாத்தபடி பெரிய கண்ணாடி வைச்ச வெக்கை அறை, குளிர்த் தூவானம், உப்புப் போட்டு உடம்பு தேய்க்கிறது, ஆவி அறை, கடைசியில ஒரு பழச்சாறு. இதயவருத்தம், பிரஷர் உள்ள ஆக்கள் குளிர்தண்ணித் தொட்டியை விட்டுடுங்கோ, ஒருத்தரும் கேக்கமாட்டினம். அம்மா அதுக்குள்ள இறங்கேல்ல, உப்புத் தேய்ப்பைத்தான் ரெண்டுதரம் செய்தவ. இடைக்கிடை குடிக்கத் தண்ணி கேட்டு வாங்கிக் குடியுங்கோ, சூட்டில தலை சுத்தும்.

சாப்பாடு அங்கயே இருக்கு. தண்ணிக்குள்ள இருக்கிற பாரில குடிக்கிறது மட்டும்தான், கையில கட்டிவிட்ட பட்டியைக் காட்டினாக் காணும், போகேக்க காசு கட்டலாம். சாப்பிடுறது உடுப்பு மாத்தினாப் பிறகு, ஸ்மாக் எண்ட பாரில மீன், இறைச்சி, சீஸ் எண்டு தட்டில அடுக்கித் தருவினம், கஃபேயில சூப்பும் பாணும் இருக்கு. சைவக்காரர் சொல்லித்தான் வாங்கோணும், "மரக்கறி" எண்டு மட்டும் சொன்னா மீன் வந்தாலும் வரும், மீனும் இறைச்சியும் வேண்டாம் எண்டு ரெண்டையும் சொல்லுங்கோ. விலை சரியான கூட, அதால காலமை வயிறு முட்டச் சாப்பிட்டிட்டுப் போய் அங்க சூப்போட நிப்பாட்டலாம்.

வெளிய வர முதல் முடியை வடிவா உணர்த்துங்கோ, அதுக்கு மெசின் இருக்கு. நனைஞ்ச உடுப்புக்கு ஒரு பிளாஸ்டிக் பை கொண்டுபோங்கோ. நாங்கள் மறந்துபோய் அண்ணாவின்ர கார்ச் சீற்று முழுக்க ஈரம்.